பர்மா பஜாரில் வாங்கிய 450 ரூபாய் எக்ஸ்டென்ஷன் டியூப்

பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை. 7, 14, 28 மி.மீ. என மூன்று பிளாஸ்டிக் வளையங்கள், ஒரு பக்கம் கேமராவிலும் மறுபக்கம் லென்ஸிலும் மாட்ட உலோக மவுண்ட், அவ்வளவுதான். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் பொருளுக்கு இன்னும் கிட்டே போய் ஃபோகஸ் பண்ண முடிகிறது. சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கப் பல ஆயிரம் எடுத்துவைக்க முடியாத எனக்கு இது பெரிய வாசல்.

வாங்கும் முன் உங்கள் லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்றும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா அந்தத் துளையைத் திறந்து மூட இந்தக் குழாயில் மின் தொடர்பும் இல்லை, லீவரும் இல்லை. கேமராவோடு வரும் நிக்கான் 18-55 கிட் லென்ஸை மாட்டினால் அப்பர்ச்சர் மூடியே கிடக்கும், எல்லாம் இருட்டு. கேனான் லென்ஸ் என்றால் முழுசாகத் திறந்தே நிற்கும். நான் மாட்டுவது செகண்ட் ஹேண்டில் கிடைத்த நிக்கான் 50 எம்எம் 1.8டி. எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். வளையத்தை 1.8-இல் வைத்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, அப்புறம் 11-க்குத் திருப்பி எடுக்கிறேன். என் நிக்கான் டி3400 கேமராவில் இப்படி மாட்டினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் மோடில் ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

சென்னையில் மின்ட் ஸ்ட்ரீட் என்கிற தங்கசாலைத் தெருவில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, முதலில் கை போனது நாணயத்துக்கு. மூன்று வளையமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அசல் அளவு சென்சாரில் விழுகிறது. 20 மி.மீ. ஒரு ரூபாய் நாணயம் ஃப்ரேமின் அகலத்தை அடைத்துக்கொண்டது. வருடத்துக்குக் கீழே இத்தனை நாள் புள்ளி என்று நினைத்தது நல்ல கூரான வைர வடிவம். மும்பை நாணயசாலையின் அடையாளம். ஹைதராபாத்தில் அடித்ததில் அந்த இடத்தில் நட்சத்திரம் இருக்கும். சட்டைப் பையிலிருந்த சில்லறையை எல்லாம் கொட்டித் தேட வைத்துவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது காசிமேட்டு நெத்திலிக் கருவாடு. பக்கவாட்டில் ஓடும் வெள்ளிப் பட்டை, கண்ணோரம் சதுரம் சதுரமாக ஒட்டிய உப்பு. கேரம் காயினின் வரிப்பள்ளத்தில் போரிக் பவுடர் படிந்திருப்பதையும் எடுத்தேன், அதுவும் அழகு.

வெளிச்சம்தான் பாடு. அசல் அளவுக்குப் போகும்போது 11-இல் வைத்தாலும் 22-க்கு உண்டான வெளிச்சமே சென்சாருக்கு வருகிறது. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, அதில் லென்ஸின் நிழல் வேறு. மேஜை விளக்குக்கு முன் பட்டர் பேப்பர், எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை வைத்தால் சரியாகிறது. கேமராவை அரிசிப் பைமேல் உட்காரவைத்து டைமரில் விடுகிறேன். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் கன்டெய்னர் லாரி போனாலே மேஜை அதிரும், அதனால் தெரு அடங்கும்வரை காத்திருப்பேன்.

குறைகளும் உண்டு. அப்பர்ச்சரைத் திருப்பும்போது மரை தளர்ந்து குழாயும் கூடவே சுற்றுகிறது. உள்சுவர் பளபளப்பாக இருப்பதால் படம் வெளுக்கிறது. கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்ட பிறகு நிறம் நன்றாக ஏறியது.

கடைக்காரர் 700-இல் ஆரம்பித்தார். “மாட்டிப் பாத்துட்டே காசு குடு தம்பி” என்றார், நல்ல மனுஷன். நீங்களும் கேமராவைக் கையோடு கொண்டுபோய், மூன்றையும் சேர்த்து முறுக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தினசரி பொருட்களுக்கு 14-உம் 28-உம் சேர்த்தாலே தாராளம்.