4 அடி மீன் தொட்டியை வீடு மாற்ற: எந்தச் சாமானுக்குக் காசு போடலாம்?

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மிமீ கண்ணாடி. இந்த அளவுத் தொட்டி காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 90 கிலோ. விளிம்புவரை நிரப்பினால் உள்ளே ஏறக்குறைய 420 லிட்டர் தண்ணீர். வீடு மாற்றும்போது இதற்காக வாங்கச் சொல்லும் சாமான்கள் ஏராளம். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் மீன் கடைகளிலேயே பெரும்பாலானவை கிடைத்துவிடும். எல்லாம் தேவையில்லை. பேட்டரி ஏர் பம்ப், தெர்மாகோல் பெட்டி, ஒரு பிளைவுட் பலகை, தண்ணீரில் அம்மோனியா பார்க்கும் ஒரு டெஸ்ட் கிட் ஆகிய நான்குக்கும் தாராளமாகச் செலவு செய்யலாம். மற்றவற்றில் பாதி வீண்.

ஏன் இந்த நான்கு? வீடு மாற்றும்போது மீன் வழியில் சாவது குறைவு. புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறக்கும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்க ஃபில்டரில் இருந்த பாக்டீரியா வழியிலேயே செத்திருக்கும், அம்மோனியா ஏறியிருக்கும். ஆகவே ஒரு சாமான் அந்தப் பாக்டீரியாவைக் காப்பாற்றுகிறதா, கண்ணாடி ஒட்டுக்கு இழுப்பு வராமல் பார்க்கிறதா என்ற இரண்டை வைத்தே தரம் சொல்கிறோம்.

முதலில் பேட்டரி ஏர் பம்ப். பெரிய டார்ச் செல் போடும் வகையும் உண்டு, யுஎஸ்பி சார்ஜ் வகையும் உண்டு. எங்கள் தேர்வு யுஎஸ்பி வகை. வண்டியிலேயே பவர் பேங்க்கில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வாங்குங்கள்: ஒன்று மீன் பெட்டிக்கு, இன்னொன்று ஃபில்டர் மீடியா (பாக்டீரியா குடியிருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் போன்றவை) போடும் வாளிக்கு. அட்டையில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். முந்தைய வாரமே ஏர் ஸ்டோனை (டியூப் நுனியில் மாட்டும் குமிழ்க் கல்) ஒரு அடி ஆழத்தில் போட்டு, பம்ப் நிற்கும்வரை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனோடு நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம் வேண்டும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து நின்றுபோனால், டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்பையும் கெடுக்கும், பெட்டியையும் காலி செய்யும்.

மீனுக்குப் பாலிதீன் கவரா, தெர்மாகோல் பெட்டியா? டெட்ரா, கப்பி போன்ற சின்ன மீனுக்குக் கடையில் ஆக்சிஜன் அடைத்த கவர் நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், இரட்டைக் கவர். வாயால் ஊதிக் கட்டுவது கூடவே கூடாது. கைநீள ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், பெரிய கோல்ட்ஃபிஷ் என்றால் பெட்டிதான். சக்கர் மீனின் துடுப்பு முள் எந்தக் கவரையும் கிழித்துவிடும்.

கவரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. மூடிய கவருக்குள் மீன் விடும் கரியமில வாயு கரைந்து பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) இறங்கும். பிஎச் இறங்கியிருக்கும்வரை அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். பல மணி நேரம் கழித்துக் கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா அந்த நிமிடமே விஷமாக மாறும். அதனால் நீண்ட பயணக் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடக் கூடாது. கட்டியபடியே மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பிரித்து, வலையில் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். ஏர் ஸ்டோன் ஓடும் பெட்டியில் வாயு அவ்வப்போது வெளியேறிவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டிக்குள் பெரிய பாலிதீன் உறை ஒன்றை விரித்து, பாதிக்கு மேல் போகாமல் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். 30 லிட்டர் என்றால் 30 கிலோ. தனிப் பெட்டியாகத் தூக்கினால் அடி பிளந்துவிடும், பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் வைத்துத் தூக்குங்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, ஏர் டியூப் நுழையவும் காற்று வெளியேறவும் ஓட்டை விடுங்கள். பெரிய மீனுக்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினால் வழியில் தண்ணீர் கெடாது.

அடுத்தது ஃபில்டர். கேனிஸ்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரை, அப்படியே மூடி வண்டியில் ஏற்றுவதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய தவறு. ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த கேனிஸ்டரைப் புது வீட்டில் அப்படியே ஓட்டினால், முதலில் வெளிவருவது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் தண்ணீர். மீடியாவை எடுத்துத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் வாளியில் போட்டு ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். இந்த வாளிக்கு ஆகும் செலவு சொற்பம். இந்தப் பட்டியலிலேயே அதிகப் பலன் தருவது இதுதான்.

தொட்டியைத் தூக்கக் கண்ணாடிக்காரர்கள் வைத்திருக்கும் சக்ஷன் கப்பைச் சிலர் வாங்குகிறார்கள். வேண்டாம். அது தனிக் கண்ணாடித் தகட்டைத் தூக்கச் செய்தது; ஒட்டிய தொட்டியில் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தால் முழு எடையும் சிலிக்கான் ஒட்டில் விழும். மேலே குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையைப் பிடித்துத் தூக்குவதும் இதே கதைதான். 18 மிமீ பிளைவுட்டைத் தொட்டியை விட எல்லாப் பக்கமும் 3 அங்குலம் பெரிதாக வெட்டி வாங்கி, மேலே ஒரு அங்குல ஃபோம் விரித்து, தொட்டியை அதில் உட்கார வைத்துவிட்டால் கை படுவதெல்லாம் பலகையில்தான். நான்கு பேர் வேண்டும். தண்ணீர், மணல், கல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அடியில் 2 அங்குலம் தண்ணீர் விட்டாலே ஏறக்குறைய 36 கிலோ கூடும், அதுவும் நடக்க நடக்க ஒரு பக்கமாக அலையடிக்கும். ஹீட்டர் இருந்தால் தண்ணீர் இறக்குவதற்கு அரை மணி முன்பே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குழல் வெடிக்கும்.

குட்டி யானையில் தொட்டியை நிமிர்ந்த நிலையில், பலகையோடு வைத்து, கயிற்றைப் பலகையில் கட்டுங்கள். விளிம்பின் மேல் கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மே மாதம் என்றால் விடிகாலை 5 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. வண்டித் தகடு சூடேறிய பிறகு பெட்டித் தண்ணீரும் சூடேறும். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்களை அமர்த்தினால் ஒப்பந்தத்தில் கண்ணாடித் தொட்டி யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். எப்படியானாலும் மீனையும் மீடியா வாளியையும் அவர்களிடம் விடாமல் உங்கள் காரில் எடுத்துச் செல்லுங்கள்.

இறக்கியதும் டார்ச் அடித்து அடி மூலைகளைப் பாருங்கள். சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மங்கிய வெள்ளைக் கோடோ, வரிசையாகக் குமிழோ தெரிந்தால் அந்த ஒட்டு விட்டிருக்கிறது, நிரப்பாதீர்கள். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடிக் கண்ணாடி நேராக ஸ்டாண்டில் உட்காரும் தொட்டி என்றால் 12 மிமீ தெர்மாகோல் ஷீட் விரியுங்கள். ஃப்ரேமில் உட்காரும் தொட்டிக்கு ஷீட் கூடாது, அடிக் கண்ணாடியை நடுவில் மேலே தள்ளும்.

பழைய தண்ணீர் 100 லிட்டர் எடுத்துச் சென்றால் போதும், ஐந்து தண்ணீர் கேன். அதில் பாக்டீரியா அதிகம் கிடையாது. மீனுக்குத் தண்ணீர் மாற்றம் தடாலடியாக இருக்காது என்பதே பயன். மெட்ரோ தண்ணீர் வீட்டிலிருந்து போர் தண்ணீர் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் அவசியம். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், மீன் ஏர் ஸ்டோன் பெட்டியில் வந்திருக்கும் நிலையில், ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுப் புதுத் தண்ணீரைப் பெட்டிக்குள் மெல்லிய ஓட்டமாக விட்டு ஒன்றரை மணி நேரம் கலக்குங்கள். குளோரினுக்குச் சாதாரண ஆன்டி-குளோரினே போதும். குளோரின் நீக்கும் இன்னொரு மருந்தான சீகெம் பிரைம் விலை அதிகம்தான், ஆனால் 200 லிட்டருக்கு 5 மிலி என்ற கணக்கில் 400 லிட்டருக்கு 10 மிலியே ஆகும். முதல் வாரம் அம்மோனியாவுக்கும் கைகொடுக்கும் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்வதால் கையில் வைத்திருக்கலாம்.

பாட்டில் பாக்டீரியா? மீடியா உயிரோடு வந்திருந்தால் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஏபிஐ அம்மோனியா கிட் வாங்குங்கள். 5 மிலி தண்ணீரில் கிட்டின் இரண்டு பாட்டிலிலிருந்தும் தலா 8 சொட்டு, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் நிம்மதி, பச்சை எட்டிப் பார்த்தால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். பிரைம் போட்ட பிறகும் பச்சை மாறாது, கிட் மொத்த அம்மோனியாவையும் காட்டுவது. அதைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள். முதல் நாள் தீனியும் விளக்கும் வேண்டாம், பிறகு வழக்கத்தில் பாதித் தீனி. ஒரு வாரம் தினமும் சோதித்து, கடைசி மூன்று நாளும் சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றால் பழைய அளவுக்குத் திரும்பலாம்.