தண்ணீர்மலை ஆற்றோர நடை: கண்டிப்பாகப் போகலாம்

பினாங்குத் தாவரவியல் பூங்கா வாசலில் தொடங்கும் அரைநாள் நடை, ஆளுக்கு 45 வெள்ளி (ரிங்கிட்). போன ஞாயிறு அம்மாவோடு போனேன். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தண்ணீர்மலை ஏறுகிறோம், ஆனால் கீழே ஓடும் ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வழிகாட்டி ஒரு தாளைக் கசக்கி, கூரை மாதிரி பிடித்து, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். பினாங்கு மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை இந்தப் பக்கம் இறங்கி, ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து பினாங்கு ஆறாக ஜார்ஜ்டவுனுக்குள் ஓடிக் கடலில் கலக்கிறது, முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் தீவின் மேற்கே இருக்கும் பாலேக் பூலாவ் பக்கம் போய்விடும். அம்மா உடனே, "அப்போ 2017 நவம்பர் வெள்ளத்துல சித்தி வீட்டுக்குள்ள வந்தது இந்த மலைத் தண்ணியா?" என்று கேட்டார். ஆமாம், அதோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் வெள்ளம் வடிய வழியிருக்காது என்று வழிகாட்டி பொறுமையாக விளக்கினார்.

பூங்காவுக்குள் கூழாங்கல் தெரிகிற அதே தண்ணீரை டவுனில் கறுப்பாகப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது.

குறை என்றால், 40 நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பினார்கள், கொடுத்த வரைபடமும் மங்கலான நகல். அப்புறம், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள், பாறை வழுக்கும்.