பாதுகாப்பு விசா வழக்கை முகவரிடம் ஒப்படைக்கும் முன்

ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று சொல்லிக் கேட்ட என்னுடைய பாதுகாப்பு விசா விண்ணப்பத்தை அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் நிராகரித்து, அந்த நிராகரிப்பை மீளாய்வுத் தீர்ப்பாயமும் 2023இல் உறுதிசெய்தபோது, மெல்பேர்னில் எங்கள் ஆட்களுக்கு வழக்குப் போட்டுக் கொடுப்பவர் என்று பெயரெடுத்திருந்த குடிவரவு முகவர் ஒருவரிடம் போனேன். தீர்ப்பாயத்தின் முடிவில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "உங்கட கதையைக் கோட்டில இன்னொருக்காச் சொல்லலாம் தம்பி; நீதிபதியே விசா தருவார், தராட்டியும் மூண்டு வருசம் இழுபடும்" என்றார். ரசீது தராமல் 5,500 டொலரைக் காசாக வாங்கிக்கொண்டார்.

இந்த வழக்குகளை விசாரிக்கும் பெடரல் சர்க்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்கு விசா வழங்கும் அதிகாரமே கிடையாது. ஊருக்குத் திரும்பினால் எனக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விக்குள் அது இறங்குவதில்லை. தீர்ப்பாயம் முடிவெடுத்த விதத்தில் நியாயாதிக்கத் தவறு, அதாவது சட்டம் கொடுத்த அதிகாரத்தை மீறிய தவறு, இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அப்படியொரு தவறு இருந்தாலும் முடிவை ரத்துச்செய்து மறுபடி தீர்ப்பாயத்துக்கே அனுப்பும். இதில் ஒரு சொல்லைக்கூட அந்த மனிதர் எனக்குச் சொல்லவில்லை.

காலக்கெடுவையும் அவர் பிழையாகவே எண்ணினார். குடிவரவுச் சட்டத்தின் 477ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் 35 நாட்கள் தீர்ப்பாயம் முடிவெடுத்த திகதியிலிருந்து ஓடுகின்றன. அவரோ கடிதம் என் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்குப்பார்த்து, முடிவுத் திகதியிலிருந்து 38ஆம் நாளில் விண்ணப்பத்தைப் பதிவுசெய்தார். முடிவு வரும்வரை இங்கே தங்கவிடும் இடைக்கால விசாவான பழைய பிரிட்ஜிங் விசா முடிகிறது, புதியதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லாததால், வேலைத்தலத்தில் முதலாளி என் விசாவைச் சரிபார்த்த அன்றுதான் எனக்கே விசயம் தெரியவந்தது. அந்த அவமானத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் அவருடைய பெயர் எங்குமே இல்லை என்பதை நான் கவனிக்கத் தவறியது என் பிழை. சட்டத்தரணி ஒருவர் இத்தகைய வழக்கைப் பதிவுசெய்வதென்றால், வெற்றிபெற நியாயமான வாய்ப்பு உண்டென்று எழுத்தில் சான்றளிக்க வேண்டும். சட்டத்தரணியல்லாத முகவருக்கோ நீதிமன்றத்தில் எனக்காக எழுந்து நிற்கவே உரிமையில்லை. ஆகவே நானே வாதாடுவதாகப் படிவத்தை நிரப்பி, வேறு யாருக்கோ எழுதிய வழக்குக் காரணங்களை அப்படியே ஒட்டிவிட்டார். உரைபெயர்ப்பாளரோடு தனியாக நின்ற என்னிடம், இரண்டாவது காரணத்தில் வரும் மதமாற்றம் யாருடையது என்று நீதிபதி கேட்டார். நான் பிறந்ததிலிருந்தே சைவன்.

பிந்திப் பதிவானதால் தேவைப்பட்ட காலநீடிப்பு மறுக்கப்பட்டது, அப்படி மறுக்கப்பட்டால் அதற்கு மேலுள்ள பெடரல் நீதிமன்றத்துக்கு வழமையான மேன்முறையீடும் கிடையாது என்பதை அன்று மாலைதான் அறிந்தேன். வழக்கில் எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சர் தரப்பின் செலவுத்தொகையையும் நானே கட்ட வேண்டுமென்று கட்டளையானது. இன்றும் தவணையில் கட்டிவருகிறேன்.

மனதை அதிகம் அரித்தது வேறொன்று. பின்னர் இலவச சட்ட உதவி நிலையமொன்றில் ஒரு சட்டத்தரணி தீர்ப்பாயத்தின் முடிவை வரிவரியாக வாசித்துவிட்டு, என் தம்பி கைதுசெய்யப்பட்டதால் எனக்கும் ஆபத்து என்று நான் தெளிவாக முன்வைத்த கோரிக்கையைத் தீர்ப்பாயம் எந்தப் பந்தியிலும் கருத்தில் எடுக்கவே இல்லை என்று காட்டினார். நீதிமன்றம் கேட்கும் வகையைச் சேர்ந்த தவறு அது. என் விண்ணப்பத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

முகவரின் அட்டையிலிருந்த ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் குடிவரவு முகவர்களின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். அங்கே அது இல்லை. பணம் கொடுக்கும் முன் யாரும் செய்யக்கூடிய இரண்டு நிமிட வேலை அது. இப்போது 35 நாட்களுக்குள் நிற்பவர்கள், தீர்ப்பாயத்தின் முடிவையும் விசாரணையின் ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். என்ன தவறு நடந்திருக்கிறது என்று அவர் பந்தி இலக்கத்தோடு எழுதித் தந்த பிறகு கையொப்பமிடுங்கள்.