குரல் இயக்குநர் ஆக இரண்டு வழி: டப்பிங்கா, குரல் தேர்வா?

அனிமேஷன் பாத்திரங்களுக்குக் குரல் தேடிப் பிடித்து, வசனத்தைச் சரியாகப் பேசவைத்து வாங்குபவர் குரல் இயக்குநர். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கமிருந்து இந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி உண்டு. சென்னைக்குப் போய் டப்பிங் பேசிப் பேசி மேலே வரலாம். இல்லையென்றால் எந்தப் பாத்திரத்துக்கு யார் குரல் பொருந்தும் என்று பார்த்துக் குரல் தேர்வு செய்பவராக உள்ளே நுழையலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

அமெரிக்காவில் இரண்டு வழியிலும் வந்து சாதித்தவர்கள் இருக்கிறார்கள். சார்லி அட்லர் குரல் நடிகராகப் பெயர் வாங்கிய பிறகு இயக்க வந்தவர். ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களுக்கு ஏஜென்ட்டாக இருந்து, 1984-இல் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்தில் குரல் தேர்வு வேலைக்குப் போனவர். 1992-இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில், அதுவரை அனிமேஷனுக்குப் பேசியே இராத மேடை நடிகர் கெவின் கான்ராயைக் கதாநாயகனாகப் பேச வைத்தவர் அவர். நடிகர்களை முடிந்தவரை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்துப் பதிவு செய்து வந்தார். ஒருவர் பேசுவதை இன்னொருவர் காதால் கேட்டுப் பதில் சொல்லும்போது வசனம் உரையாடலாக மாறிவிடுகிறது.

டப்பிங் வழிக்கு ஒரு பெரிய பலம்: வேலை அங்கேதான் இருக்கிறது. தமிழில் வரும் கார்ட்டூன்களில் பெரும்பகுதி வேறு மொழியில் முடிந்து வந்தவை. வடபழனி, சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் சின்னச் சின்னக் குரலாகத் தொடங்கி நாலு காசு பார்க்கலாம். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம விழும்படி வசனத்தைத் திருப்பிப் போடும் திறமையும் அங்கேதான் கைக்கு வரும்.

ஆனால் அங்கே பெரும்பாலும் அவரவர் தனியாக நின்று தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். முழுக் காட்சியும் எப்படி ஒலிக்கிறது என்று யோசிக்க வாய்ப்பு குறைவு. மூலக் குரல் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், அதன் சாயலில் ஒருவரைத் தேடுவதுதான் தேர்வு. நேரடியாக உருவாகும் அனிமேஷனில் கதையே வேறு: பொதுவாகக் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதைக் கேட்டுத்தான் வாயசைவும் முகபாவமும் வரைவார்கள். அங்கே தேர்வு தப்பினால் பாத்திரமே தப்பிவிடும்.

அந்தத் தேர்வுக்கான காதை வளர்க்க நம் கடற்கரையைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. கீழக்கரையில் வாப்பா, உம்மா என்று அழைக்கும் வீட்டுப் பேச்சு, மண்டபம் முகாமில் ஈழத்துத் தமிழ், ராமேஸ்வரம் தீர்த்தக் கிணறுகளில் பல மொழி யாத்ரீகர்களிடம் குரல் கொடுப்பவர்கள், என்ஜின் சத்தத்துக்கு மேலே படகுக்குப் படகு பேசுபவர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள். வயது, தொழில், மூச்சு எல்லாம் குரலில் தெரியும்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4-இல் ஒலிக்கிறது. மீனவர்களுக்கான வானொலி. இப்படிப்பட்ட இடத்தில் மைக் முன்னால் வருபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் தொண்டை இறுகி நிற்பவரை இயல்பாகப் பேச வைக்கத் தெரிந்தால், இயக்குநர் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. எப்படிப் பேச வேண்டும் என்று நாமே பேசிக் காட்டினால் அவர் நம்மைப் போலப் பேசத்தான் பார்ப்பார். பாத்திரம் யாரிடம் பேசுகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, என்ன வேண்டும் என்று கேட்கிறது என்பதைச் சொன்னால் போதும், குரல் தானாக மாறும்.

இந்த வழியில் வருமானம் தாமதமாகத்தான் வரும், மறைக்க வேண்டியதில்லை. தமிழில் நேரடி அனிமேஷன் குறைவு. அதனால் தேர்வை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பிறகு ஏதாவது டப்பிங் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்து உதட்டுக் கணக்கைக் கற்றுக்கொள்வதே நல்லது.

போகும்போது கையில் ஒரு குரல் தொகுப்பு இருக்கட்டும். பேசுபவரின் சம்மதம் வாங்கி, ஒரே பத்தியைப் பலரையும் பேசவைத்து போனில் பதிவு செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த வெளி உதவாது. துணி அடுக்கிய உள்ளறை போதும். ஒவ்வொரு வரியையும் மூன்று விதமாக வாங்குங்கள். கத்தல், அழுகை, இருமல் எல்லாம் கடைசியில். முதலிலேயே கத்தவைத்தால் மிச்ச வசனத்துக்குத் தொண்டை இருக்காது.