வடிதட்டு வைத்த மரக்கறிப் பெட்டி: ஒரு மாதம் பாவித்த பிறகு

மூன்று பெட்டி ஒரு செட், 4,350 ரூபா. போனில் படம் பார்த்து ஓர்டர் பண்ணினேன். கூரியர்காரர் தோட்டத்துக்கு ஏறி வரமாட்டார், அதனால் தலவாக்கலை டவுனில் போய் நின்று வாங்கினேன். லயத்துக்குக் கொண்டுவந்து பிரித்தால் நடுப்பெட்டியின் மூடியில் வெடிப்பு. படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று நீலக்கோடு காட்டியது, பதில் இன்றுவரை வரவில்லை.

எனக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது நான் அங்கே இருக்க வேண்டும். அதனால் நாலரைக்கே அடுப்பு. அந்த நேரத்தில் பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறதை அன்றைக்கே கழுவி வைத்துவிட்டால் வாரம் முழுக்க எடுத்து வெட்டினால் போதுமே என்ற ஆசைதான். பெட்டியோடு வந்த துண்டுக் கடதாசியும் அதையேதான் சொன்னது: கழுவிப் போட்டு மூடுங்கள், 30 நாள் வாடாது.

மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் குளிருக்கு ஊரே பிரிட்ஜுதான். உனக்கு எதுக்குப் பெட்டி?"

முதல் வாரம் கடதாசி சொன்னபடியே செய்தேன். வியாழக்கிழமை திறந்தால் போஞ்சி வழுவழு, சலாது இலை கூழ். வடிதட்டு சொட்டுகிற தண்ணீரைக் கீழே இறக்கும், அது உண்மை. இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஈரத்தை அது என்ன செய்யும்? பூஞ்சணத்துக்கும் அழுகலுக்கும் அந்த ஈரம்தான் சாப்பாடு. துடைத்துக் காயவைத்து எடுத்து வைக்கலாம்தான். ஆனால் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் பள்ளிக்கூடச் சட்டையே மூன்று நாள் கயிற்றில் தொங்கும். வல்லாரைக்கு மட்டும் தனியாக வெயிலடிக்குமா?

இரண்டாவது வாரம் கழுவுவதையே விட்டேன். மண்ணை உதறி, பழுத்த இலை, நசுங்கிய தண்டு எல்லாம் கிள்ளிப் போட்டு, தட்டின் மேல் பழைய பருத்தித் துணி ஒன்று, கீரைக்கு மேலே இன்னொன்று. துணி நனைந்தால் மாற்றுவது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. முழுக்க மூடினால் மூடிக்கடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டுகிறது, பாதி திறந்தால் சரியாக இருக்கிறது. ஷொப்பிங் பேக்கில் மூன்றாம் நாள் மஞ்சளாகிவிடும் வல்லாரை இதில் எட்டு நாள் தாங்கியது. பொன்னாங்காணி ஆறு. காம்பு கிள்ளிய பச்சை மிளகாய் மூன்று வாரம் தாண்டியும் அப்படியே இருக்கிறது. நான் கொடுத்த காசு இதற்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் முதல்நாள் சாயங்காலம் கழுவுகிறேன். அதிலும் லீக்ஸை நீளவாக்கில் கீறி, மடல்களை விரித்து, ஓடுகிற தண்ணீரில் பிடிக்க வேண்டும். முழுசாக எத்தனை தரம் அலசினாலும் உள்மடலில் இருக்கிற மண் கறியில்தான் இறங்கும்.

செட்டோடு 'மரக்கறி கழுவும் தூள்' என்று ஒரு பாக்கெட் இலவசம். என்ன கலந்தது என்று எங்கேயும் எழுதவில்லை, அதனால் திறக்கவே இல்லை. எங்கள் பக்கம் மருந்தடிப்பது கண்ணுக்கு முன்னால் நடக்கிற விஷயம், பயம் இல்லாமல் இல்லை. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017 இல் அப்பிள் பழத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் அப்பச்சோடா, 12 முதல் 15 நிமிடம் ஊறல். அவர்கள் பூசிய இரண்டு மருந்தும் தோலின் மேலிருந்து போய்விட்டதாம். தோலுக்குள் இறங்கியது போகவில்லை. தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் நான் அப்பச்சோடாதான் போடுகிறேன், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். சவர்க்காரம் மட்டும் வேண்டவே வேண்டாம், மரக்கறி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பெரிய பெட்டி எங்கள் ஒற்றைக்கதவு பிரிட்ஜுக்குள் போகவே இல்லை. அளவை விளம்பரத்தில் போட்டிருக்கலாம். இஸ்தோப்பில் வைத்துக் கரட் போட்டேன். நுவரெலியாப் பக்கத்துக் கரட் டவுனில் இரண்டு விதமாக வரும்: கழுவிப் பளபளவென்று ஒன்று, மண்ணோடு ஒன்று. வைத்துச் சமைக்க மண்ணோடு இருப்பதுதான் நல்லது. கழுவுகிற இடத்தில் உரசி மேல்தோல் போனது சீக்கிரம் தளர்ந்துவிடும். தலையில் இருக்கிற இலையை உடனே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்தும் உடைத்தால் 'டக்' என்றது. ஆனால் மாமியார் மணல் வாளியில் புதைத்து வைத்ததும் 'டக்' என்றுதான் உடைந்தது. இந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் இடம் போதாமல் தக்காளியைக் கீரையோடு சேர்த்து வைத்தேன். மூன்றே நாளில் கீரை மஞ்சள். பழுக்கிற தக்காளி எதிலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் இருக்கிற இலையையும் அது பழுக்க வைத்துவிடும். மூடிய பெட்டிக்குள் சொல்லவே வேண்டாம். தக்காளி இப்போது ஜன்னலோரம். உருளைக்கிழங்குக்குப் பெட்டியும் வேண்டாம் பிரிட்ஜும் வேண்டாம், இருட்டில் சாக்கு போதும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும், அந்தப் பச்சை கசப்பு மட்டுமல்ல, நஞ்சும்கூட. கோவா, பீட்ரூட், நோக்கோல் எல்லாம் எங்கள் குளிருக்குச் சும்மா தரையிலேயே கிடக்கும்.

அப்ப வாங்கலாமா? கீரை அதிகம் சமைக்கிற வீடென்றால் சின்னப் பெட்டி ஒன்று வாங்கலாம். தனியாக 1,500க்குள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். செட்டாக வேண்டாம். வடிதட்டின் கண்களில் அழுக்குச் சேர்கிறது, அதைக் கழுவப் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூடி வெடித்த நடுப்பெட்டி போன கிழமை காணாமல் போனது. தேடினால் மாமியாரின் கட்டிலுக்கடியில். உள்ளே ஈரத்துணி விரித்து வெற்றிலை அடுக்கியிருக்கிறார். ஆறு நாளாகிறதாம், ஒரு இலைகூடக் கருகவில்லையாம். எவ்வளவு கொடுத்து வாங்கினாய் என்று கேட்டார். "அது சும்மா வந்தது, அத்தை" என்று சொல்லிவிட்டேன்.