ஜெபக் குறிப்பேடுகள் ஓர் ஒப்பீடு: தவறான முடிவை எழுத எதில் இடம் உண்டு?

ஜெபக் குறிப்பேடு என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. நாளுக்கு ஒரு பக்கம் என்று தேதி அச்சிட்ட டைரி ஒன்று. 'ஜெபக்குறிப்பு, தேதி, பதில்' என்று கட்டம் போட்ட பதிவேடு இன்னொன்று. மூன்றாவது, கைபேசிச் செயலி. இவற்றோடு கோடு போட்ட சாதாரண நோட்டையும் சேர்த்து, நாலையும் ஒரே கேள்வியோடு எடைபோடுகிறது இந்த விமர்சனம். வேலை போயிருக்கிறது, கடன் ஏறியிருக்கிறது, அதுவும் தன்னுடைய அவசர முடிவால்தான் ஏறியது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது தேவ பராமரிப்பை விசுவாசத்தோடு பிடித்துக்கொள்ள இவற்றில் எது உதவும்?

கேள்வியை இப்படிக் குறுக்குவதற்குக் காரணம் உண்டு. தன் தவறில்லாமல் துன்பப்பட்ட யோபுவின் பாடு வேறு, தேவன் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் ஓடித் துன்பத்தை வருவித்துக்கொண்ட யோனாவின் பாடு வேறு. கடைகளில் கிடைக்கும் குறிப்பேடுகள் அநேகமாக யோபுவை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. துன்பம் வெளியிலிருந்து வருகிறது, விசுவாசி ஜெபிக்கிறார், பதில் வருகிறது. தன் கையால் தன் கப்பலில் ஓட்டை போட்டுக்கொண்டவருக்கு அதில் கட்டமே இல்லை. எழுத இடம் இல்லாததால் அவர் அதை எழுதுவதில்லை. எழுதாத தவறு மெல்ல மெல்ல ஆண்டவர்மேல் வருத்தமாக மாறிவிடும். நீதிமொழிகள் 19:3 இதைத்தான் சொல்கிறது: மனுஷனுடைய மதியீனம் அவன் வழியைத் தாறுமாறாக்கும், என்றாலும் அவன் மனம் கர்த்தருக்கு விரோதமாய்த் தாங்கலடையும்.

முதலில் தேதி டைரி. 365 பக்கம், பக்கத்தின் தலையில் ஒரு வாக்குத்தத்த வசனம், கீழே பத்துப் பன்னிரண்டு கோடு. ஒழுங்காகத் தியானம் செய்கிறவருக்கு நல்ல துணை. நெருக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு விதத்தில் இடறலாகிறது. ஒரு வாரம் எழுத முடியாமல் போனால் ஏழு வெற்றுப் பக்கம் தேதியோடு நின்று குற்றஞ்சாட்டும். மூன்றாவது வாரத்தில் டைரியையே மூடிவிடுவார்கள். அடுத்தது, மேலே அச்சிட்ட வசனம் தன் இடத்திலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்டது. எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்னும் எரேமியா 29:11 இல்லாத வாக்குத்தத்த டைரியைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதற்கு முந்திய வசனம் அதற்குமுன் பாபிலோனில் 70 வருஷம் கழிய வேண்டும் என்கிறது. 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன. அந்தக் கடிதம் போனதும், தங்கள் பாவத்தால் பாபிலோனுக்குப் போனவர்களுக்குத்தான். முழுக் கடிதமும் கையிலிருந்தால் தவறிய விசுவாசிக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை. ஒற்றை வசனமாக வரும்போது இந்த மாத முடிவுக்குள் ஏதாவது நடக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் தருகிறது.

கட்டம் போட்ட பதிவேடு பிறருக்காக மன்றாடுகிறவர்களுக்கு ஏற்றது. பிரிஸ்டலில் 1836 முதல் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், கேட்டதையும் கிடைத்ததையும் தேதியோடு எழுதிவைத்தவர். அந்தப் பழக்கம் பின்வந்தவர்களுக்குப் பெரிய சொத்து. ஆனால் ஆம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள கட்டத்தில் 2 கொரிந்தியர் 12ஐ எங்கே எழுதுவது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை, கிருபை போதும் என்ற வார்த்தை வந்தது. இதைவிட ஆபத்தானது டிக் அடிக்கும் பழக்கம். காரியம் கைகூடியதையே தேவசித்தத்தின் அடையாளமாக எண்ண அது கற்றுக்கொடுத்துவிடும். யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. பதிவேட்டில் அவர் இரண்டு டிக் போட்டிருக்கலாம். கதவு திறந்திருந்தது என்ற ஒரே காரணத்தால் எடுத்த முடிவுகள்தான் பின்னால் அதிகமாக வருத்தம் தருகின்றன. அந்த வருத்தத்தை எழுத இந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

செயலிகளின் நன்மை தெளிவு. தேடலாம், பூட்டலாம், நினைவூட்டச் சொல்லலாம். இந்த நோக்கத்துக்கு அவற்றில் ஒரு பெருங்குறை: பழைய பதிவைத் தடயமில்லாமல் திருத்திவிடலாம். முடிவெடுத்த நாளில் என்ன நினைத்தோம் என்பது அப்படியே நிற்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திருத்திய காரணம் நம்மை எப்போதும் கொஞ்சம் நல்லவராகக் காட்டும். 'பதில் கிடைத்தது' என்று குறித்தவுடன் பதிவை மறைத்துவிடும் செயலிகளும் உண்டு. திரும்ப வாசிக்கவேண்டியவற்றை மறைக்கிற கருவியால் பயன் குறைவு. செயலிதான் வேண்டும் என்றால், எழுதிய தேதி மாறாமல் நிற்கிறதா, எழுதியதையெல்லாம் வெளியே எடுத்துச் சேமிக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

ஆக, இந்த வேலைக்கு முதலிடம் சாதாரண நோட்டுக்கே. ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர். தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 80 கிராம்) குறையக் கூடாது. அதைவிட மெலிந்தால் மறுபக்கம் மை தெரியும். நூல் தைத்த கட்டு வாங்குங்கள், விரித்து வைத்தால் மடங்காமல் கிடக்கும். பசை மட்டும் வைத்து ஒட்டிய முதுகு வருஷக்கணக்கில் திறந்து மூட உடைந்து, தாள் உதிரும். சுருள் கம்பி நோட்டு வேண்டாம். வெட்கப்படவைக்கும் பக்கத்தைக் கிழித்துவிட அது மிகவும் வசதி. பால்பாயின்ட் பேனா போதும், தண்ணீர் பட்டால் ஜெல் மை கரையக்கூடும். எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள்.

இனி அமைப்பு. இதுதான் முக்கியம், இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்.

ஒரு காரியத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கம். இடப்பக்கத்தை அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள் எழுத வேண்டும். முதலில் நடந்தது என்ன என்று மூன்று வரி. அதில் உணர்ச்சி வேண்டாம், தேதியும் தொகையும் இருந்தால் போதும். அடுத்து நான் என்ன முடிவு செய்தேன், அப்போது என் மனதிலிருந்த காரணம் என்ன, யார் எச்சரித்தார்கள். மூன்றாவதாக இது எந்த வகை என்று ஒரே சொல்லில்: பாவமா, அவசரமா, அறியாமையா, அல்லது என் தவறு எதுவுமே இல்லையா? இந்த ஒரு சொல்லுக்கு நேரமெடுங்கள். பாவம் என்றால் 1 யோவான் 1:9ன்படி அறிக்கை செய்ய வேண்டும். அறியாமை என்றால் கற்றுக்கொள்ள வேண்டும், யாக்கோபு 1:5ன்படி ஞானம் கேட்க வேண்டும். தவறே இல்லாத இடத்தில் பாவ அறிக்கை செய்வது தாழ்மை ஆகாது, அது ஆத்துமாவைக் களைப்பாக்கும். கடைசியாக, 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு கடமை: கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுவது, மன்னிப்புக் கேட்பது, கணக்கை மனைவியிடமோ கணவரிடமோ காட்டுவது.

வலப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். மேலே மூன்று தேதி மட்டும் குறித்துவையுங்கள்: 30 நாள், 90 நாள், ஒரு வருஷம் கழித்து. அந்தத் தேதிகளில் இடப்பக்கத்தை வாசித்துவிட்டு, கர்த்தர் இதற்குள் என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்ததை மட்டும் எழுதலாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதித் தேதி போடுங்கள். அதுவும் விசுவாசத்தின் பதிவுதான்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தை இந்த முறையில் எழுதிப்பார்த்தால் பிடிபடும். இடப்பக்கம்: அருகே குடியிருந்த கிபியோன் குடிகள் தூரதேசத்தாரைப்போல நடித்து, பழைய இரட்டுப் பைகளோடும் பூசணம்பூத்த அப்பத்தோடும் வந்தார்கள். அப்பத்தைப் பார்த்தோம், கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை, அவர்களை உயிரோடே விடுவோம் என்று ஆணையிட்டுக் கொடுத்தோம். மூன்று நாளில் உண்மை தெரிந்தது. வகை: அவசரம். கடமை: ஆணையைக் காப்பது. வலப்பக்கம்: அடுத்த அதிகாரத்தில் அந்த உடன்படிக்கையின் நிமித்தமே யுத்தம் வந்தது, அந்த யுத்தத்தில் கர்த்தர் வானத்திலிருந்து கல்மழை பெய்யப்பண்ணினார். ஏமாற்றி வந்தவர்கள் பலிபீடத்துக்கு விறகு வெட்டுகிறவர்களாகவும் தண்ணீர் எடுக்கிறவர்களாகவும் ஆனார்கள். ஆனாலும் இடப்பக்கம் அழியவில்லை. பல தலைமுறைக்குப் பின் சவுல் அந்த ஆணையை மீறியதால் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது (2 சாமுவேல் 21). தவறாகப் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி வாக்கை மீறுவதற்குத் தேவ பராமரிப்பு அனுமதி கொடுப்பதில்லை. வாக்கைக் காக்கும் பாதையில் அது கூடவே வருகிறது.

'24 மணி நேரக் கடமை' எதற்கு என்று கேட்பவர்களுக்கு அப்போஸ்தலர் 27. கைதியாகக் கப்பலில் போன பவுலின் எச்சரிப்பைவிட மாலுமியின் சொல்லையும் கப்பல் எஜமானின் சொல்லையும் நூற்றுக்கு அதிபதி நம்பினான். தவறான முடிவு, அதுவும் வேறொருவர் எடுத்தது. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவரும் சாவதில்லை என்று தேவதூதன் சொல்லிவிட்டான். அதற்குப் பின்னும் 31ஆம் வசனத்தில் பவுல், கப்பலாட்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறார், உடனே சேவகர் அவர்கள் தப்பியோட இறக்கிய படகின் கயிற்றை அறுக்கிறார்கள். சாப்பிடச் சொல்கிறார். கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்குகிறார்கள். வாக்குத்தத்தம் இருந்தும் கயிறும் அப்பமும் தேவைப்பட்டன. முடிவில் எல்லாரும் கரை சேர்ந்தார்கள், கப்பலும் சரக்கும் போயின. ஆகவே வலப்பக்கத்தில் 'திரும்பி வராதவை' என்று இரண்டு வரி விட்டுவையுங்கள். போனது போனதாகவே எழுதப்பட்டால்தான் மீந்திருப்பதற்கான ஸ்தோத்திரம் உண்மையாக இருக்கும்.

இந்த முறை எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வலப்பக்கத்தை அன்றே நிரப்பிவிடுவதில். சாட்சி சொல்ல அவசரப்படுகிறவர்கள் செய்வது இது. யோசேப்பின் கணக்கைப் பாருங்கள். சகோதரரால் விற்கப்பட்ட காலத்தில் வயது 17, பார்வோன்முன் நின்றபோது 30, பஞ்சத்தின் இரண்டாம் வருஷத்தில் சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது ஏறக்குறைய 39. ஆதியாகமம் 50:20ஐ அவர் சொன்னது யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்த பின்பு. குழியில் போடப்பட்டதற்கும் அந்த வாக்கியத்துக்கும் இடையே சுமார் 39 வருஷம்! அந்த வாக்கியத்திலும் இரண்டு பக்கமும் அப்படியே நிற்கின்றன: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். முடிவு நன்மையானதால் செய்தது சரி என்று யோசேப்பு சொல்லவில்லை. நோட்டில் யாரும் அப்படிச் சொல்லத் தொடங்கினால், அடுத்த தவறான முடிவுக்கு அங்கேயே விதை விழுகிறது.

இன்னொரு கேடு, இடப்பக்கம் மற்றவர்களின் குற்றப்பத்திரிகையாக மாறுவது. இரண்டாவது பகுதியில் வினைச்சொற்கள் எல்லாம் 'எடுத்தேன், கேட்கவில்லை, மறைத்தேன்' என்று தன்மையில் முடிகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாகச் சாய்கிறவர்களும் உண்டு, அவர்கள் தங்கள் தவறை நாள்தோறும் எடுத்து வாசித்து நொந்துகொள்வார்கள். அறிக்கை செய்த பாவத்தின் கீழே ஒரு கோடிழுத்து 'அறிக்கையிட்டது' என்று தேதி போடுங்கள். குறித்த மூன்று தேதிகள் தவிர அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம், அதே பாவத்தை மறுபடி புதுப் பக்கத்தில் எழுதவும் வேண்டாம்.

நன்மை என்றால் பணம் திரும்பியது, வேலை கிடைத்தது என்று மட்டும் எழுதுகிறவர்கள் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28ஐ 29 இல்லாமல் வாசிக்கிறார்கள். நன்மை எது என்பதை 29ஆம் வசனம் குமாரனுடைய சாயலைக் காட்டிச் சொல்கிறது. இதற்கு உதவியாக, 1563இல் வெளிவந்த, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடையின் 28ஆம் கேள்வியை நோட்டின் உள்ளட்டையில் மூன்று வரியாக எழுதி ஒட்டலாம். தேவ பராமரிப்பை அறிவதால் என்ன பயன் என்று அது கேட்கிறது. பாடுகளில் பொறுமை, நன்மையில் நன்றி, வரப்போகும் காரியங்களில் பிதாவின்மேல் நம்பிக்கை என்பது பதிலின் சாரம். ஒரு வருஷ வாசிப்பில் இம்மூன்றில் ஒன்றாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பதைவிட நேர்மையான சோதனை.

200 பக்க நோட்டில், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அட்டையைப் பார்த்து நிற்பதால், இப்படி 99 இணைப் பக்கம் கிடைக்கும். காரியம் ஓர் இணையில் தொடங்கினாலும் வருஷங்களாக நீளக்கூடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் நான்கு இணை ஒதுக்கினால் 24 காரியம். குறைவாகத் தோன்றும், ஆனால் ஒதுக்குங்கள். ஆதியாகமம் 16இன் கடைசி வசனத்தில் ஆபிராமுக்கு 86 வயது, 17இன் முதல் வசனத்தில் 99. வாக்குப்பண்ணின பிள்ளைக்குக் காத்திராமல் அடிமைப்பெண் ஆகாரிடம் பிள்ளை பெற எடுத்த முடிவுக்குப் பின் 13 வருஷம் இரண்டு வசனங்களுக்கு நடுவே ஓடிவிட்டது.

யாருக்கு இந்த நோட்டைப் பரிந்துரைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கம் போய், சாப்பாடு போய், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் முதலில் எழுத உட்கார வேண்டாம். நம்பகமான ஒருவரையும் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும். சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவிடம் கர்த்தர் கணக்குக் கேட்கவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தார். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி அதற்கும் பின், 40 நாள் நடந்து ஓரேபுக்கு வந்த பிறகுதான் வந்தது. நோட்டு அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.