கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் ஓர் ஒலிப்பதிவு அறை: நான்கு வருடத்துக்குப் பிறகு

பத்துக்குப் பத்து அடி. அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அறை அது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, ஒலிப்பதிவு அறையாக்கி நான்கு வருடம் ஆகிறது. முதல் மாதமே எழுதியிருந்தால் வாங்கிய எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளியிருப்பேன்.

முதலில் வாங்கியது 900 மலேசிய வெள்ளிக்கு, சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற ஒரு கண்டென்சர் மைக். கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம் பவரைத் தட்டியதும் மூச்சுக்காற்றுகூடத் துல்லியமாகக் கேட்டது. கீழ்வீட்டில் கடுகு தாளிப்பதும், தூரத்தில் எல்ஆர்டி ரயில் போவதும்கூட. ஏழாவது மாதம் பாட்டுக்கு நடுவே பொரி வறுப்பதுபோல் சடசடவென்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இண்டர்ஃபேஸைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஈரம்! மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து இப்படிப் பொரியும். கோலாலம்பூர் மழையில் மைக்கை மாதக்கணக்கில் ஸ்டாண்டிலேயே விட்டது என் தப்பு. இப்போது அது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு தூங்குகிறது. எப்போதாவது வீணைக்கு மட்டும் எழுப்புவேன்.

அன்றாட வேலை முழுக்க ஷூர் எஸ்எம்58தான். 1966இல் வந்த மாடல், டைனமிக் மைக், அதாவது கண்டென்சர் அளவுக்குச் சின்னச் சத்தத்தைப் பிடிக்காத வகை. வாயை ஒட்டி வைத்துப் பாடுவதால் கடுகுச் சத்தம் அடியில் அமுங்கிவிடும். இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறது. கம்பி வலையில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான்.

அடுத்த வீண் செலவு, சுவர் முழுக்க ஒட்டிய ஓர் அங்குல ஃபோம். கைதட்டினால் வரும் எதிரொலி போனது. ஆனால் தம்பி கீழ்ஸ்தாயியில் பாடும்போது ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள் பாடுவதுபோல் வீங்கியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்து அடி என்றால் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112லும் ஒலி தேங்கும். சதுர அறையில் நீளம் அகலம் இரண்டும் அதே இடத்தில் தேக்கும். ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? பிய்த்துப் போட்டுவிட்டு, நாலு அங்குல ராக்வூல் என்கிற கல்லிழைப் பஞ்சை மரச்சட்டத்தில் அடைத்து, அம்மாவின் பழைய பருத்திச் சேலையால் மூடி மூலைகளில் நிறுத்தினேன். பட்டு வேண்டாமா என்று அம்மா கேட்டார். வாயை வைத்து ஊதினால் காற்றுத் தாராளமாகப் போகிற துணிதான் வேண்டும், பருத்தியே போதும். வீக்கம் முழுதாகப் போகவில்லை. பாதி குறைந்திருக்கிறது.

ஏர்கோன் தனிக் கதை. ஓடினால் இரைச்சல், நிறுத்தினால் வியர்வை. மாமா மிருதங்கம் வாசிக்க வந்த அன்று, குளிர்ந்த அறையில் சுருதி சேர்த்துவிட்டு, பதிவுக்காக ஏர்கோனை நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் தோல் ஈரம் குடித்து வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், சுருதி இறங்கிவிட்டது.

"என்னடா மருமவனே, உன் மெசின் சுருதியைத் தின்னுது?"

"மெசின் இல்லை மாமா, ஈரம்."

"அப்போ முதல்லயே நிறுத்தித் தொலைய வேண்டியதுதானே."

அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு, அதே புழுக்கத்தில்தான் சுருதி சேர்ப்போம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், தடவிய ரவை காய்ந்து உதிர்ந்து மைக் வலையில் அப்பிக்கொள்ளும். வலையைக் கழற்றி பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுவேன். எஸ்எம்58இல் அது திருகி எடுக்கிற வலைதான்.

இண்டர்ஃபேஸ் இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் அளவை, 128 சாம்பிளில் வைத்தால் பாடுபவர் காதில் குரல் தாமதமாக விழாது. பதிவானவற்றைக் கலந்து மிக்ஸ் பண்ணும்போது 512க்கு ஏற்றிக்கொள்ளலாம். 'ஹ்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எனக்கு அதுதான் காரணம்.

மழைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. ஜன்னலுக்கு மேலே தகரக் கூரை. நாலு மணிக்கு வானம் கறுத்தால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். இங்கே இடி இறங்குகிற லட்சணத்துக்கு அதுதான் நல்லது. பாட வந்தவர்களுக்கு அம்மா டீ போட்டுவிடுவார்.